கடனே விலங்கு: டாக்டர் டேனியலின் ‘எரியும் பனிக்காடு’

அடிமை முறையை எதிர்த்து எழுந்த நாவல் எது என்று வினவினால், ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நம்மவர் தயங்காமல் அமெரிக்க மாதரசி ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்பர். நம் பாட்டன்மார் பட்ட பாட்டிற்கு மிக நெருங்கிய கதையை எழுதிய டாக்டர் பால் ஹாரிஸ் டேனியலின் பெயரைச் சொன்னாலோ, பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் விழிப்பவரே மிகுதி. விழிப்பவரை நொந்து பயனில்லை. அந்நூல் நம்மிடம் வந்து சேர்ந்த வழி அத்தகையது.

டேனியல் ஆனைமலையின் வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் 1940-களில் மருத்துவராக இருந்தவர். தொழிற்சங்கப் பணியிலும் இறங்கியவர். மருந்து வாங்க வந்த முதிய தொழிலாளர் வாய்மொழியாகக் கூறியவற்றைச் செவிகொடுத்துக் கேட்டார். 1920-களின் தோட்ட வாழ்வை அவற்றிலிருந்து திரட்டி, ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கியது 2007-இல். எவருடைய கதையோ அவர்களுடைய மொழிக்கு வர அந்நூலுக்கு 38 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஸ்டோவின் நூலோ முதலில் வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1852-இல் புத்தகமாகி, முதலாண்டிலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றது. அந்த அம்மையாரால்தான் உள்நாட்டுப் போரே மூண்டதென்று லிங்கன் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பகுத்தறிவாளர் அதனைச் சுமந்து திரிய வேண்டியதுமில்லை. விற்பனைக் கணக்கே போதிய சான்று.

டேனியலின் கதை எளியது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்னும் சிற்றூர். நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் பஞ்சத்தில் வாடுகின்றனர். மேஸ்திரி ஒருவன் வருகிறான்; மலையில் வேலை, கைநிறையக் கூலி, இருக்க வீடு என்று ஆசை காட்டி முன்பணமும் நீட்டுகிறான். இருவரும் மலையேறுகின்றனர். அதன்பின் மலேரியாக் காய்ச்சல், அட்டைக்கடி, பிரம்படி, துரைமாரின் காமவெறி, அடுத்தடுத்த சாவுகள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், வாங்கிய முன்பணம் தீராமலே நிற்கும். கடன் தீராதவன் மலையிறங்க இயலாது.

இங்கேதான் நாம் இரு நூல்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஸ்டோவின் நாவல் சாட்டையடியில் தொடங்கவில்லை; ஒரு கடனில் தொடங்குகிறது. கெண்டக்கி நாட்டுப் பண்ணையார் ஷெல்பி நல்லவர், இரக்கமுள்ளவர். ஆனால் வியாபாரி ஹேலியிடம் கடன்பட்டவர். அக்கடனைத் தீர்க்க டாமையும், எலைசாவின் பச்சிளம் மகனையும் விற்கிறார். ஆங்கே எசமானன் பட்ட கடனுக்கு அடிமை விலைபோகிறான். டேனியலின் நாவலில் கூலியே கடன்பட்டு, அக்கடனுக்குத் தானே ஈடாகிறான். 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் தோட்ட முதலாளிகள் கண்டுபிடித்த வித்தை இதுவே. ஆளை விலைகொடுத்து வாங்கினால் அவன் செத்தால் முதல் நட்டம். கடன் கொடுத்துக் கட்டினால் வழிச்செலவும் அவன் தலையில்.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. ஓடிப்போன அடிமையைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்ற 1850-ஆம் ஆண்டுச் சட்டமே ஸ்டோ அம்மையாரை எழுதத் தூண்டியது. இந்தியாவிலோ முன்பணம் பெற்று வேலையை விட்டு ஓடும் தொழிலாளியைக் குற்றவாளியாகத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது நீக்கப்பட்டது 1925-இல்தான். கடன் திரும்பாவிடில் சிவில் கோர்ட்டுக்குப் போவது உலக வழக்கம். கூலியின் கடனுக்கு மட்டும் சிறைவாசல் திறந்திருந்தது. டேனியல் சட்டத்தின் எண்ணைச் சொல்லிப் பாடம் நடத்தவில்லை. தப்பியோட எண்ணுகிறவனின் நெஞ்சில் அந்த அச்சம் எவ்வாறு அமர்ந்திருக்கும் என்பதைக் காட்டுகிறார்.

நூலின் தலைசிறந்த படைப்பு கருப்பனும் அல்லன், வெள்ளைத் துரையும் அல்லன், மேஸ்திரியே. அவன் நம் மொழி பேசுகிறான், நம் தெய்வத்தின் பேரால் சத்தியம் செய்கிறான், உறவு சொல்லி அழைக்கிறான். நம் நாட்டுக் கங்காணியும் இவ்வாறே ஊருக்குப் போய் ஆள் சேர்த்தவன். அவன் ஆட்கள் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவன். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஆள் சேர்ப்பு 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்தபின்பே ஓய்ந்தது. வெள்ளையன் கொடியவன் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்மவர் கைதட்டியிருப்பர். ஊரில் சாதியால் தாழ்த்தி நிலமில்லாமல் வைத்தவன் யார், மலைக்கு ஏற்றிவிட்டவன் யார் என்ற வினாக்களை எழுப்பியதே டேனியலின் துணிவு.

குறைகளும் உண்டு. துன்பத்தின்மேல் துன்பமாக அடுக்கிச் செல்வதால் சில இடங்களில் கருப்பனும் வள்ளியும் மனிதராக நில்லாமல் சான்றுப் பொருள்களாகி விடுகின்றனர். ஸ்டோவின் நூல்மீது 1949-இல் நீக்ரோ எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் சாட்டிய குற்றமும் ஏறத்தாழ இதுவே. பிற்பகுதியில் ஆபிரகாம் என்னும் மருத்துவர் வந்து நோயாளிகளுக்கு விடிவு காட்டுகிறார். முல்க் ராஜ் ஆனந்த் 1937-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய நாவலிலும் இரக்கமுள்ள மருத்துவர் ஒருவரே வருகிறார். தோட்டத்து நாவலாசிரியர்களுக்கு டாக்டர்மேல் ஏன் இத்தனை காதல் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் புத்தகத்திற்கு அப்பால் நின்று கூலியின் உடம்பைப் பார்க்கக் கூடியவர் தோட்டத்தில் அவர் ஒருவரே என்பதுதான் காரணமாக இருக்கலாம். 2013-இல் பாலா இந்நாவலைத் தழுவி எடுத்த ‘பரதேசி’ படம் அம்மருத்துவரை மதம் பரப்ப வந்து ஆடிப்பாடும் வேடிக்கை மனிதராக்கியது. நடிப்பும் ஒளிப்பதிவும் எவ்வளவு உயர்ந்தவையாயினும், மூலநூலுக்கு அஃது அநீதி.

இந்தியாவில் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்துவிட்டது. 1969-இல் வந்த நாவல் எதை ஒழித்தது என்று ஏளனம் செய்வோர் உளர். ஸ்டோவின் நூல் எரிகின்ற வீட்டினுள் நின்று எழுப்பிய கூக்குரல். டேனியலுடையது எரிந்த வீட்டின் சாம்பலைக் கிளறித் தீ எங்கே பற்றியது என்று காட்டுவது. அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இன்றும் வேலை இருக்கிறது. 2020-இல் அமெரிக்கச் சுங்க இலாகா, மலேசியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் இரண்டின் செம்பனை எண்ணெயைக் கட்டாய உழைப்பின் பேரில் தடுத்து நிறுத்தியது. ஒன்றின் மீதிருந்த தடை 2023-இல் நீங்கியது. அப்போது கூறப்பட்ட காரணங்களுள் கடன்கட்டும் ஒன்று.

நம் கிராணிமார் இந்நூலைப் படிக்கும்போது, மேஸ்திரி கடன் எழுதும் பக்கங்களைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறோம். இன்று பிரட்டுக் களத்தில் நிற்போரில் தமிழர் சிலரே. வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் பலர். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவர் அவர்களில் எத்தனை பேர் என்பதை எந்தச் செக்ரோலும் சொல்லாது. அதில் முன்பணம் என்னும் பத்தி காலியாகவே இருக்கும். தோட்டத்துக் கணக்கின்படி அவர்கள் கடனற்றவர்கள்.