உழைப்பின் உண்மையும் நிலத்தின் மறைப்பும்
லோறா இங்கள்ஸ் வைல்டரின் சிறுவர் நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியம் பற்றிய ஆய்வைக் கல்வியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இலக்கியத் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. இது பொருத்தமானதன்று. ஒரு சமுதாயம் தனது சொத்துடைமை எவ்வாறு தோன்றியது என்பதைத் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு எடுத்துரைக்கின்றது என்பதை நோக்கினால், அச்சமுதாயத்தின் கருத்துநிலையை வேறெங்கும் காணமுடியாத தெளிவுடன் கண்டுகொள்ளலாம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குத்திசைக் குடியேற்றம் பற்றி எழுந்த சிறுவர் நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட லோறா இங்கள்ஸ் வைல்டரின் (1867–1957) நாவல்கள் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

லோறா விஸ்கொன்சினில் பிறந்த 1867ஆம் ஆண்டிலேயே மார்க்சின் ‘மூலதனம்’ முதலாம் பாகமும் வெளிவந்தது. இது தற்செயலான ஒற்றுமையே, ஆயினும் மனங்கொள்ளத்தக்கது. ‘மூலதன’த்தின் இறுதி அத்தியாயம் குடியேற்ற நாடுகளில் நிலமும் உழைப்பும் கொள்ளும் உறவைப் பற்றியது. லோறாவின் நாவல்களும் அதனையே பொருளாகக் கொண்டவை. ‘பெருங்காட்டில் ஒரு சிறு வீடு’ 1932இலும், ‘பிரெயரி வெளியில் ஒரு சிறு வீடு’ 1935இலும், ‘பிளம் ஓடைக் கரையில்’ 1937இலும், ‘நெடிய குளிர்காலம்’ 1940இலும் வெளிவந்தன. எட்டு நூல்களைக் கொண்ட இவ்வரிசை 1943இல் நிறைவுற்றது. 1974 முதல் 1983 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் இந்நூல்களை வாசியாதோரிடத்தும் இக்கதையைக் கொண்டுசென்றது.

முற்போக்கு வாசகரையும் இந்நூல்கள் கவர்வதற்குத் தக்க காரணமுண்டு. உழைப்பை இவ்வளவு நுணுக்கமாகச் சித்திரிக்கும் சிறுவர் நூல்கள் மிகச் சில. ஆணியின்றி மரமுளைகளைக் கொண்டு கதவு செய்தல், இறைச்சியைப் புகையிலிட்டுப் பதப்படுத்துதல், பாற்கட்டி தயாரித்தல் ஆகியவை தொடக்கம் முதல் முடிவு வரை விவரிக்கப்படுகின்றன. பொருள்களைக் கடையிற் பண்டமாக மட்டும் கண்டு பழகிய சிறுவர், அவை மனிதக் கைகளிலிருந்து தோன்றுவதை இங்கு காண்கின்றனர். ‘நெடிய குளிர்கால’த்தில் 1880–81 பனிக்காலத்தின் கொடுமையால் புகையிரதங்கள் நின்றுவிடுகின்றன. விறகும் நிலக்கரியும் இன்மையால் குடும்பத்தினர் வைக்கோலை முறுக்கி எரிக்கின்றனர். கோப்பிக்கொட்டை அரைக்கும் சிறு பொறியிற் கோதுமையை அரைத்து உயிர் பிழைக்கின்றனர். இளைஞர் இருவர் உயிரைப் பணயம்வைத்துக் கொண்டுவந்த கோதுமையை, முதலிட்ட வணிகர் கொள்விலையின் இருமடங்குக்கும் மேலாக விற்க முயல்கையில் ஊரார் திரண்டு அதனைத் தடுக்கின்றனர். பஞ்சமும் இலாபமும் எதிரெதிர் நிற்பதை இத்துணை எளிமையாகக் காட்டிய பகுதி சிறுவர் இலக்கியத்தில் அரிது. இதனை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், உழைப்பு நிகழ்வதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் யாருடையது என்ற வினா எழும்போது இந்நூல்களின் யதார்த்தம் தடுமாறுகின்றது.

‘பிரெயரி வெளியில் ஒரு சிறு வீடு’ நாவலின் களம் தென்கிழக்குக் கன்சாஸ். 1869இல் லோறாவின் தந்தை சார்ள்ஸ் இங்கள்ஸ் அங்கு வீடமைத்தபொழுது அந்நிலம் ஒசேஜ் மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியார் அங்கு குடியேறுதல் சட்டவிரோதமாகும். 1868இல் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கை ஒசேஜ் நிலத்தை ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 சதம் என்ற விலையிற் புகையிரதக் கம்பனி ஒன்றுக்கு வழங்க முற்பட்டது. குடியேறிகள் இதனை எதிர்த்தனர். செனற் சபையும் அதனை அங்கீகரிக்கவில்லை. 1870 யூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்நிலம் ஏக்கர் 1.25 டொலர் வீதம் குடியேறிகளுக்கு விற்கப்படலாயிற்று. ஒசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஒக்லகோமாவுக்கு அகற்றப்பட்டனர். புகையிரத மூலதனத்துக்கும் சிறுவிவசாயிக்குமிடையே நிகழ்ந்தது உண்மையான வர்க்க மோதலே. ஆயினும் இருசாராரும் போட்டியிட்டது மூன்றாமவரின் நிலத்துக்காகவே என்பதை மறத்தலாகாது.

நாவல் இவ்வரலாற்றைத் தலைகீழாக்குகின்றது. அரசாங்கப் படையினர் குடியேறிகளை வெளியேற்ற வருகின்றனர் என்று கேள்வியுற்றுத் தந்தை சினத்துடன் நிலத்தைக் கைவிடுவதாகக் கதை முடிகின்றது. உண்மையில், வெற்றிபெற்றோர் குடியேறிகளே. விஸ்கொன்சினிலிருந்த பழைய வீட்டை வாங்கியவர் தவணைப்பணம் செலுத்த இயலாதுபோனமை 1871இல் இக்குடும்பம் திரும்பிச் செல்வதற்கு ஒரு முக்கிய காரணமாகும். கொடுத்த அரசு பறித்த அரசாகவும், ஆக்கிரமித்தவர் இழந்தவராகவும் மாறிவிடுகின்றனர்.

1935ஆம் ஆண்டுப் பதிப்பின் தொடக்கத்தில் அந்நிலத்தில் மக்களே இல்லையென்றும், பூர்வீகக் குடிகள் மட்டுமே வாழ்ந்தனரென்றும் கூறப்பட்டிருந்தது. 1952இல் வாசகர் ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டி எழுத, ஆசிரியர் தம் தவறை ஏற்றுக்கொண்டார். 1953 முதல் ‘மக்கள்’ என்ற சொல் ‘குடியேறிகள்’ என மாற்றப்பட்டது. சொல் திருத்தப்பட்டதேயன்றிக் கதையின் அமைப்புத் திருத்தப்படவில்லை. வீட்டினுள் நுழைந்து உணவு கேட்கும் ஒசேஜ் ஆடவர் திருடராகவும் அச்சமூட்டுவோராகவுமே காட்டப்படுகின்றனர். நிலத்துக்கு உரியவர் தம் நிலத்திற் குடியிருப்போரிடம் பெறும் வாடகையாக அதனைக் காணும் பார்வை நூலில் எங்குமில்லை.

எனினும், இந்நாவலை வெறும் பிரசாரமெனத் தள்ளிவிடவும் இயலாது. பால்சாக்கின் யதார்த்தம் அவருடைய அரசியற் சார்பையும் மீறி வெளிப்பட்டதென எங்கெல்ஸ் 1888இல் எழுதியமை நாம் அறிந்ததே. அத்தகைய மீறல் இங்குமுண்டு. இது பூர்வீகக் குடிகளின் நாடல்லவா, அவர்களை வெளியேற்றினால் அவர்கள் சினங்கொள்ள மாட்டார்களா எனச் சிறுமி லோறா தந்தையிடம் வினவுகின்றாள். தந்தை அவளை உறங்கச் சொல்லி வினாவை நிறுத்திவிடுகின்றார். நூல் முழுவதும் எதனை மறைக்கின்றதோ அதனை ஒரு குழந்தையின் வாய் கேட்டுவிடுகின்றது. ஒசேஜ் மக்கள் நெடிய வரிசையாக வீட்டைக் கடந்து செல்லும் காட்சியும் இத்தகையதே. கரிய விழிகளையுடைய ஒரு கைக்குழந்தையைத் தனக்குத் தரவேண்டுமென்று லோறா அழுகின்றாள். நிலத்தைப் பெற்றவரின் மகள், நிலத்தை இழந்தவரின் பிள்ளையையும் வேண்டுகின்றாள். இழப்பின் துயரும் உடைமை வேட்கையும் ஒரே அழுகையிற் கலந்துள்ளன. ஆசிரியர் இதனை விளக்கவில்லை; விளக்காமையே அக்காட்சியின் வலிமை.

இம்மறைப்பு ஏன் 1930களில் இவ்வடிவத்தைப் பெற்றது? இந்நூல்கள் நினைவுக் குறிப்புகள் மட்டுமல்ல. கன்சாசை விட்டு நீங்கியபோது லோறாவுக்கு வயது நான்கு. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, றூஸ்வெல்ற்றின் புதிய ஏற்பாட்டுத் திட்டங்கள் நடைமுறைக்கு வந்த காலத்தில், அத்திட்டங்களைக் கடுமையாக எதிர்த்த மகள் றோஸ் வைல்டர் லேனின் கைவண்ணத்துடன் இவை உருவாயின. தன்கையே தனக்குதவி என்ற கதையை நிலைநிறுத்துவதற்கு அரசின் கையை அழிக்கவேண்டியிருந்தது. வெட்டுக்கிளிகள் மினசோட்டாப் பயிர்களை அழித்தபின், 1875இல் தாம் வகையற்றவர் எனக் கையொப்பமிட்டுத் தந்தை நிவாரண மாவைப் பெற்றமை நாவலில் இல்லை. பார்வையிழந்த அக்காள் மேரியின் கல்லூரிக் கட்டணத்தை டக்கோட்டாப் பிரதேச அரசு செலுத்தியமையும் இல்லை. குடும்பத்தின் தியாகம் மட்டுமே உண்டு. 1862ஆம் ஆண்டு வீட்டுநிலச் சட்டத்தின் 160 ஏக்கரோ அரசுடன் விவசாயி கட்டிய பந்தயமாக உருமாறுகின்றது. லோறாவே பின்னாளில் கூட்டாட்சி அரசின் விவசாயக் கடன்களை வழங்கிய உள்ளூர்ச் சங்கமொன்றிற் செயலாளர்-பொருளாளராகப் பணியாற்றியவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இவ்விடத்து நமது சிந்தனை மரபையும் நாம் விலக்கிவைத்தலாகாது. ‘மூலதனம்’ ஆங்கிலப் பதிப்பின் 31ஆம் அத்தியாயம், அமெரிக்கப் பூர்வீக மக்களின் அழித்தொழிப்பை ஆதித் திரட்டலின் கூறாக எண்ணுகின்றது. ஆனால் 33ஆம் அத்தியாயத்தில், தொழிலாளி கூலியடிமைத்தனத்திலிருந்து தப்பி நிலத்தை நாடுவது ஆராயப்படுகையில், அந்நிலம் கன்னி நிலமாகிவிடுகின்றது. 1864இல் அகிலத்தின் சார்பில் லிங்கனுக்கு மார்க்ஸ் வரைந்த வாழ்த்திலும் அதே கன்னி நிலம் வருகின்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1862 டிசெம்பரில், மினசோட்டாவில் டக்கோட்டா மக்கள் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டிருந்தனர். உழைப்பாளியின் விடுதலையை மட்டும் நோக்கும் கண்ணுக்கு, அவ்விடுதலையின் விலையைச் செலுத்தியவர் தெரியாமற் போகலாம். லோறாவின் நூல்களில் நாம் காணும் குறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

லோறாவின் பெயரால் 1954இல் நிறுவப்பட்ட சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்கச் சிறுவர் நூலகச் சேவைச் சங்கம் 2018இல் மாற்றியது. பெயர் மாற்றம் நியாயமானது. ஆனால் அது திறனாய்வுக்கு ஈடாகாது. இந்நூல்களைத் தடைசெய்வதும் விடையன்று. ஒஜிப்வே வழிவந்த லூயிஸ் ஏர்ட்றிச்சின் ‘பிர்ச்பட்டை வீடு’ (1999) 1847இல் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் வாழ்ந்த ஒரு பூர்வீகச் சிறுமியின் ஓராண்டைக் கூறுகின்றது. அங்கும் வீடு கட்டப்படுகின்றது, தோல் பதனிடப்படுகின்றது, குளிர்காலத்துக்கு உணவு சேமிக்கப்படுகின்றது. பெரியம்மை வந்து உயிர்களைக் கொள்ளைகொள்கின்றது. வெறுமையெனக் கூறப்பட்ட நிலத்தில் இதே உழைப்பு ஏற்கனவே இருந்ததென்பதை இதனினும் வலுவாக எந்த மறுப்புரையும் நிறுவமாட்டாது.

இரு நூல்களும் ஒரே பிள்ளையின் கையில் இருத்தல் வேண்டும். உழைப்பைப் போற்றும் இலக்கியத்தை முற்போக்கு இலக்கியமென ஏற்கும் நாம், அவ்வுழைப்பு எவர் நிலத்தில் நிகழ்கின்றதென்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவைச் சிறுமி லோறா 1935ஆம் ஆண்டு நூலிலேயே கேட்டுவிட்டாள். அவளை உறங்கச் சொல்லும் தந்தையின் பக்கம் திறனாய்வாளர் நிற்றலாகாது.