ஐப்பசியில் திறந்த பெட்டி

நாவல் எழுதுகிறவனுக்குப் புடவை விஷயத்தில் என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், மிகவும் கொஞ்சம் என்பதுதான் உண்மையான பதில். ஆனாலும் அவன் தினமும் யாருக்காவது உடுத்திவிட்டுக்கொண்டேதான் இருக்கிறான். கதாநாயகி வாசலுக்கு வந்தால் அவள் சேலை என்ன நிறம் என்று சொல்லியாக வேண்டும். இருபது வயதுப் பெண் என்றால் பேனா தானாக ஓடுகிறது. மயில் கழுத்து, மாந்தளிர், கிளிப்பச்சை என்று வர்ணங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. ஐம்பத்தைந்து வயது அம்மாளை வாசலுக்கு அழைத்து வரும்போதுதான் சங்கடம். 'சாயம் போன நூல் புடவை' என்று நாலு வார்த்தை எழுதி, அவளைச் சமையலறைக்குள் அனுப்பிவிட்டு, அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறோம்.

இது சோம்பலா, தீர்ப்பா? சோம்பல் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது தீர்ப்புத்தான் என்று எனக்கு எடுத்துச் சொன்னவர் விமரிசகர் அல்லர். பல்லடத்தில் இருக்கும் என் அக்காள்.

சென்ற ஐப்பசியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கையோடு கொண்டுபோன ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், வயது முதிர்ந்த பெண்கள் தங்களிடம் உள்ள உடைகளைக் கொண்டே இலையுதிர் காலத்துக்குப் புதுப் பொலிவு பெறுவது எப்படி என்று ஒரு கட்டுரை இருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் இலையுதிர் காலத்துக்குப் பல்லடத்தில் எங்கே போவது? இங்கே வேப்பமரம் ஐப்பசியில் இலை உதிர்ப்பதில்லை. மாசி, பங்குனியில்தான் உதிர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பூரில், சித்திரை வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மேல்நாட்டாரின் இலையுதிர் காலத்துக்கான பனியன் உடைகளைத் தைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பருவத்தை நாம் கண்டதில்லை; அதற்கான சட்டையை மட்டும் தைத்திருக்கிறோம்.

நமக்கென்று ஒரு பருவம் இல்லாமலும் இல்லை. நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்து, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். வாடை தொடங்கும் காலம். பல்லடத்தில் மழை வந்தால் வரும். வராவிட்டால் மூட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போகும். துணி காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். கஞ்சி போட்ட சேலை ஈரக்காற்றில் விறைப்பு இழந்து தொய்ந்துவிடும். நடுவில் தீபாவளி வேறு வந்து, உனக்கு என்ன எடுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்கும். பெட்டியைத் திறக்க வேண்டிய பருவம் இதுதான்.

அக்காளின் கணவர் தறிக்காரர். பல்லடம் வட்டாரத்தில் பலரைப்போல அவரும் கூலிக்கு நெய்தவர். பாவும் ஊடையும் வேறொருவருடையவை. நெய்த காடாத் துணியும் வேறொருவருக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான கஜம் நெய்த வீட்டில் சொந்தமாக மிஞ்சியது அவள் பெட்டியில் இருந்த சேலைகள்தாம். அவர் காலமாகி மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. மகளும் மருமகளும் வாங்கித் தந்த சாம்பல், சந்தனம், வெளிறிய நீலம் இவற்றையே மாற்றி மாற்றிக் கட்டினாள். வீட்டுக்குள் இருக்கவே இருக்கிறது நைட்டி. தோளில் ஒரு துண்டு.

எங்கள் பாட்டி தலைமுறையில் இந்தக் கொங்குச் சீமையில் கணவனை இழந்தவர்களுக்கு வெள்ளைச் சேலைதான். இன்று அந்த வெள்ளையைப் பெரும்பாலும் காணோம். நாகரிகம் வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் வெள்ளை எழுந்துபோன நாற்காலியில் சாம்பல் நிறம் வந்து உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. 'கண்ணியமான கலர்' என்று கடைக்காரரே எடுத்துக் கொடுக்கிறார்.

இனி நம் நாவல்களைப் பார்ப்போம். வயது வந்த பெண்ணைக் கண்ணுக்கு நிறைவாகப் படைத்த நாவல் என்றால் எனக்கு உடனே நினைவு வருவது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966). அந்த அம்மாளின் பெயரே அலங்காரம். அவள் நிற்பதிலும் நடப்பதிலும் உள்ள கம்பீரத்தை ஜானகிராமன் பார்த்திருக்கிறார். பயந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கம்பீரத்துக்கு விலை என்ன? அவள் ஒரு ரகசிய உறவைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் காசிக்குப் போக வேண்டியிருக்கிறது. நாவல் என்ற முறையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் கதை உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உறுத்துகிறது. நன்றாக உடுத்திய முதிய பெண் என்றால் அவளிடம் ஒரு குற்றம் இருக்க வேண்டும். குற்றமில்லாதவள் என்றால் அவள் புடவை கிழிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போவதற்காக நல்ல சேலை ஒன்றைத் தேடிக் கட்டிக்கொண்ட அம்மாளை நம் கதைகளில் நான் அதிகம் சந்தித்ததில்லை.

என் குற்றம் இன்னும் பெரியது. என் நாவல் ஒன்றில் கணவனை இழந்த ஒருத்தி பழைய பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுது, மறுபடியும் பெட்டியை மூடுகிறாள். அந்த இடத்தைப் புகழ்ந்து எனக்குக் கடிதங்கள் வந்தன. அக்காளும் அதைப் படித்திருந்தாள் என்பது இந்த ஐப்பசியில்தான் தெரிந்தது.

"ஏந் தம்பி, அழுதுட்டு அப்படியே மூடிட்டாளா?" என்று கேட்டாள். "உதறிக் காத்தாடப் போட்டிருக்க மாட்டா? மடிப்பு மாத்தி வெக்காட்டி பட்டு இத்துப் போயிருமே!"

எனக்கு வந்த விமரிசனங்களில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. அழுகை பொய் என்று அவள் சொல்லவில்லை. அழுத பிறகு ஒரு பெண் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியவில்லை என்றாள்.

மறுநாள் மழை இல்லை. பெட்டியைத் திறந்தாள். வசம்பு வாசனை வந்தது. கட்டிலில் மூன்று குவியல்: கட்டுவது, மாற்றித் தைப்பது, கொடுத்துவிடுவது. பட்டுச் சேலைகளைப் பிரித்து, வெயில் படாமல், திண்ணை நிழலில் கயிற்றில் போட்டாள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் ஜரிகை அந்த வரியிலேயே முறியும். ஆகவே பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பு. இரண்டு கரையும் ஒரே மாதிரியாக உள்ள நூல் சேலைகளில் காலில் தேய்ந்த கரையை மேலே கொண்டுபோய், தேயாத கரையைக் கீழே இறக்கினாள். புது ஃபால்ஸ் தைத்ததும் சேலைக்கு இன்னொரு ஆயுள். ஒரு பட்டில் உடல் நைந்துவிட்டது, கரை மட்டும் உறுதியாக இருந்தது. அந்தக் கரையைப் பிரித்து, கரையில்லாத கோராச் சேலை ஒன்றுக்கு வைத்துத் தைக்கச் சொன்னாள். இன்னொன்றின் முந்தானை இரண்டு ரவிக்கையாயிற்று. சேலையை மாற்ற வேண்டியதில்லை, ரவிக்கையை மாற்றினாலே போதும் என்பது அவள் சித்தாந்தம். கடைசியில் நூல் சேலைகளுக்குக் கஞ்சியைப் பாதியாகக் குறைத்தாள். அந்த ஆங்கிலக் கட்டுரை பருவத்துக்கேற்ற உடை என்று இரண்டு பக்கம் எழுதியதை அவள் அரைக் குவளைக் கஞ்சியில் முடித்துவிட்டாள்.

இவ்வளவையும் சிக்கனம் என்று பாராட்டிவிட்டுப் போகலாம். பிரிட்டனில் யுத்த காலத்தில் 1941-ல் துணிக்குப் பங்கீடு வந்தபோது, இருப்பதைத் தைத்துச் சமாளியுங்கள் என்று அரசாங்கமே 1943-ல் பெண்களுக்குப் பிரசுரம் போட்டது. அது தட்டுப்பாட்டின் சிக்கனம். நம் பகுதிக்கு வேறொரு காரணமும் உண்டு. புதுத் துணிக்குச் சாயம் வேண்டும். சாயம் போன வழியில் நொய்யல் போயிற்று. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. இருக்கும் சேலையை இன்னும் ஐந்து வருஷம் கட்டுவது ஆற்றுக்கும் நல்லதுதான்.

ஆனால் அக்காள் செய்ததைச் சிக்கனத்தில் அடக்கிவிட முடியாது. சிக்கனம்தான் நோக்கம் என்றால் சாம்பல் நிறச் சேலைகளே போதுமே. அவை இன்னும் கிழியவில்லை. கட்டும் குவியலில் முதலில் அவள் வைத்தது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட நூல் சேலை. தீபாவளியன்று அதைத்தான் கட்டினாள்.

பலகாரம் கொண்டுவந்த உறவுக்கார அம்மாள் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க்கா, இந்த வயசுல இந்தக் கலருல சீலை எடுத்திருக்கீங்?"

"எடுக்கலீங்க," என்றாள் அக்காள். "இருந்ததுதானுங்க."

அந்த அம்மாளிடம் அதற்குப் பதில் இல்லை. புதிதாக வாங்கியிருந்தால் ஆசை என்று சொல்லலாம். வயதுக்கு ஒவ்வாதது என்று சொல்லலாம். இருந்ததைக் கட்டினவளை என்ன சொல்வது? அந்த மஞ்சள் அவள் நாற்பது வயதில் தானே பார்த்து எடுத்தது. மூன்று வருஷம் பெட்டிக்குள் இருந்ததால் அது வேறொருத்தியின் சேலை ஆகிவிடுமா?

இந்தப் பக்கத்தவரான ஆர். ஷண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' என்ற நாவலில் கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்பதை எழுதிவிட்டார். அந்தப் பங்கு கொலையில் போய் முடிகிறது. பெட்டியில் உள்ள பங்கைக் கேட்க அவ்வளவு பெரிய கலகம் வேண்டியதில்லை. வெயிலடிக்கிற ஒரு காலைப் பொழுதும், நம்பகமான ஒரு தையல்காரரும் போதும். கலகம் சிறிதாக இருப்பதால்தானோ என்னவோ, நாவலாசிரியர்கள் கண்ணில் அது படுவதில்லை.

என் நாவல் மறுபதிப்பு வரும் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டிக் காட்சியைத் திருத்தலாமா என்று அக்காளைக் கேட்டேன்.

"அழட்டும்," என்றாள். "அழுது முடிச்சதீம் எந்திரிச்சு மடிப்பை மாத்தச் சொல்லு."