‘எனக்கு’ என்ற சொல் எங்கே போனது?

ஒரு வெள்ளிக்கிழமை. காலைக் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் மதியக் காட்சிக்காக வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம் நின்றிருந்தேன். வாசற்படியில் நாலைந்து பேர் கையில் மைக்கோடு காத்திருந்தார்கள். கண் கூசிக்கொண்டு வெயிலுக்கு வந்தவர்களின் முகத்துக்கு நேரே மைக் நீண்டது. “படம் எப்படி இருக்கு?”

“செம.” “மொக்கை.” “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை.” இப்படியே பத்துப் பதினைந்து பதில்கள். அப்போது தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண் படியிறங்கினார். அவரிடமும் கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்த அம்மா சோத்தப் போட்டு வச்சிட்டு, அவன் சாப்பிடுறானான்னு கதவுகிட்டயே நிக்கிறாங்கல்ல... அதுல எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு.” மைக் பிடித்தவர், “படம் பார்க்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்கக்கா” என்றார். அவர் சிரித்துவிட்டுக் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்துவிட்டார். அன்று மாலை வெளியான அந்தக் காணொளியைத் தேடிப் பார்த்தேன். அவர் அதில் இல்லை.

அன்று அந்த வாசலில் சொல்லப்பட்டவற்றில், படத்தைப் பற்றி எனக்கு ஏதேனும் தெரிவித்தது அவர் சொன்ன ஒரே வாக்கியம்தான்.

தமிழில் ‘பிடிக்கும்’ என்ற சொல் தனியாக நிற்காது. யாருக்கு என்று கேட்கும். ‘எனக்குப் பிடித்தது’, ‘அவளுக்குப் பிடிக்கவில்லை’ என்றுதான் பேசுகிறோம். ரசனையை ஆளோடு சேர்த்துக் கட்டிவைக்கும் வாக்கியம் அது. ‘படம் மொக்கை’ என்பதில் அந்தக் கட்டு அறுந்துபோகிறது. ஆள் மறைந்து, படம் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஒருவரின் அனுபவம். அதை யாரும் மறுக்க முடியாது. ‘நன்றாக இல்லை’ என்பது தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணம் வேண்டும், காட்சி வேண்டும், எங்கே சறுக்கியது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். திரையரங்கு வாசல் கருத்துகளில் பெரும்பாலானவை அனுபவத்தைத் தீர்ப்பு மொழியில் சொல்பவை. என் மனக்குறை அதில்தான்.

ஆனால் வாசல் கருத்து என்ற வழக்கத்தையே குறை சொல்லிவிட மாட்டேன். தமிழ் சினிமாவின் நல்ல படங்கள் பலவற்றைத் தூக்கி நிறுத்தியது அதுதான். 1999 டிசம்பரில் பாலாவின் ‘சேது’ வெளியானபோது அதை வாங்கிப் போட ஆளில்லை. முன்னோட்டக் காட்சிகள் எத்தனையோ நடந்தும் விநியோகஸ்தர்கள் பின்வாங்கினார்கள். சென்னைப் புறநகர் அரங்கு ஒன்றில் பகல் காட்சியாக மட்டும்தான் இடம் கிடைத்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள். காட்சிகள் கூடின, அரங்குகள் கூடின. விக்ரம் என்ற நடிகருக்கு அதுவரை கிடைக்காத வாழ்வு அங்கே தொடங்கியது. வியாபாரம் தெரிந்தவர்கள் கைவிட்ட படத்தை, டிக்கெட் வாங்கியவர்களின் வாய்ச்சொல் காப்பாற்றியது.

அதற்கும் முன்னால் 1978-இல் ‘முள்ளும் மலரும்’. மகேந்திரன் இயக்கிய முதல் படம். முதல் வாரங்களில் அரங்குகள் நிறையவில்லை. பிறகு பேச்சிலேயே பரவி, நூறு நாளைத் தாண்டி ஓடியது. எங்கள் அத்தை அந்தப் பேச்சில் பங்கெடுத்தவர். திருநெல்வேலியில் எங்கள் தெருவில் எட்டு வீட்டுப் பெண்களை அவரே கூட்டிக்கொண்டு போனாராம். படம் நல்ல படம் என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. கடைசிக் காட்சியைத்தான் சொல்லியிருக்கிறார். “பிடிக்கலன்னு சொல்லிக்கிட்டே குடுத்தாம் பாரு, அதுக்கே இன்னொரு மட்டம் போவலாம்ட்டி” என்று. பல ஆண்டுகள் கழித்து நான் கேட்டபோதும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். விபத்தில் ஒரு கையை இழந்த காளி, பிடிவாதக்காரன். அவனுடைய தங்கை வள்ளி, இன்ஜினியரை மணக்கப் புறப்பட்டவள், பாதி வழியில் அண்ணனைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். தனக்காக எல்லாரையும் உதறிவிட்டு வந்தாளே, அது போதும் அவனுக்கு. தானே அவளை அழைத்துப்போய் இன்ஜினியரிடம் ஒப்படைக்கிறான். அப்போதும் தனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். தங்கைக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகத் தருகிறான். ரஜினிகாந்த் இதைக் குரல் உயர்த்தாமல் செய்கிறார். தன் பிடித்தமின்மையை அவன் விட்டுக்கொடுக்கவும் இல்லை, அதை அடுத்தவர் வாழ்க்கைக்கு அளவுகோலாக வைக்கவும் இல்லை. ‘எனக்கு’ வேறு, ‘அவளுக்கு’ வேறு என்று பிரித்து அறிந்துகொண்ட கணம் அது. ரசனை பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். எனக்கு இதைப் புரியவைத்தவன் காளிதான்.

சரி, அன்றைக்கும் வாய்ச்சொல், இன்றைக்கும் வாய்ச்சொல். என்ன வேறுபாடு? வேகம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. அத்தை எட்டு வீட்டில் சொல்லி முடிக்க இரண்டு வாரம் ஆகியிருக்கும். அந்த இரண்டு வாரம் படம் ஊரில் இருந்தது. இன்று நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே நாளில் வெளியாகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துத் திங்கட்கிழமை காட்சிகளைக் குறைத்துவிடுகிறார்கள். மெல்லப் பரவும் சொல்லுக்குக் காத்திருக்கப் படத்துக்கு நாள் இல்லை. முதல் காட்சி பார்த்தவர் சொல்லுக்கு முன்பு இல்லாத கனம் இப்போது வந்திருப்பது அதனால்தான். அவர் பேச்சு கூர்மையாகிவிடவில்லை. படத்தின் ஆயுள் சுருங்கிவிட்டது. இதில் வாசலில் மைக் பிடித்தவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல.

ஆனால் 2024-இல் தயாரிப்பாளர்கள் அவரைத்தான் குற்றம் சொன்னார்கள். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ என்று அடுத்தடுத்து வந்த பெரிய படங்கள் முதல் நாள் விமர்சனத்தால் அடிபட்டன என்று சொல்லி, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்களை விடவேண்டாம் என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சொல்வது உரிமை என்று கூறி, அந்தத் தடையை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. சரியான முடிவு. டிக்கெட் விலையும் பார்க்கிங் கட்டணமும் பாப்கார்ன் விலையுமாகக் கொடுத்துவிட்டு வருகிறவரிடம், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும், காசு கிடைக்காததால் திட்டுவதும் நடக்கிறது என்ற புகாரை நான் ஒதுக்கவில்லை. அது ஏமாற்று வேலை, அதற்கான வழியில் தண்டிக்க வேண்டியது. அதைக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கக் கூடாது.

மேலும், அதே ஆண்டில் பார்வையாளர் கருத்து நல்ல வேலையும் செய்தது. ‘கங்குவா’வில் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று பலரும் சொன்னார்கள். ஒலி அளவைக் குறைத்து வைக்கும்படி அரங்குகளிடம் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். ‘இந்தியன் 2’ நீளம் என்றார்கள். சில நாட்களுக்குள் 12 நிமிடம் வெட்டப்பட்டது. இந்த இரண்டு குறையிலும் ‘எங்கே’ என்பதற்குப் பதில் இருந்தது. காதில், கடிகாரத்தில். அதனால் கை வைத்துச் சரிசெய்ய முடிந்தது. ‘மொக்கை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு படத்தொகுப்பாளர் எந்தக் காட்சியைத் திருத்துவார்?

இதைச் சொல்லும் தகுதி எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. 2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தது. பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். நான்கு நண்பர்கள் மறுநாள் போவதாக இருந்தார்கள். “இழுவைடா, ஒரே அட்வைஸ்” என்றேன். நான்கு பேரும் போகவில்லை. அப்போது நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலம். மனம் ஒன்றிலும் நிலைகொள்ளாமல் இருந்தது. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு அன்று பொறுமை இல்லை என்பதைப் படத்தின் குறையாக்கிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் பாதியிலிருந்து பார்த்தேன். ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுத்திருக்கிறார். ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே சிறுவன் இறந்துவிடுகிறான். அதுவரை எல்லாவற்றுக்கும் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞன் உடைந்துபோகிறான். அதைப் பார்த்தபோது நான் வேலையில் சேர்ந்து, அப்பாவைப் பறிகொடுத்து, ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து வந்தவனாக இருந்தேன். படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை.

ஆகவே பிற்காலக் கருத்துதான் உண்மையானது, முதல் நாள் கருத்து பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். படத்தில் உபதேசம் தூக்கலாக இருக்கும் இடங்கள் உண்டு. இன்றைக்கும் எனக்கு அவை உறுத்துகின்றன. நான் செய்த தவறு, அந்த இடங்களைப் பெயர் சொல்லிக் காட்டாமல் படம் முழுவதன் மேலும் ஒரு சொல்லைப் போர்த்தியது.

மதிப்பெண் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனந்த விகடன் போட்ட மதிப்பெண்ணுக்காக வியாழக்கிழமைகளில் காத்திருந்த தலைமுறை நான். ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5-ஐப் பரீட்சை முடிவு போல மனப்பாடமாகச் சொல்வோம். அந்த எண் மரியாதை பெற்றது, எண்ணுக்கு மேலே ஒரு பக்கம் காரணம் எழுதியிருந்ததால். நாங்கள் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். இன்று ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பாட்டின் கதை வேறு. படத்தை ஒருமுறை பார்க்கிறோம். பாட்டு நம்மோடு குடியிருக்கிறது. கேட்கக் கேட்கக் கருத்து மாறுவது அதன் இயல்பு. கேசட் காலத்தில் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுப்போம். எங்கள் ஊர்க் கடைக்காரர் பட்டியலைப் படித்துப் பார்ப்பார். “இந்தச் சோகப் பாட்டுக்கு அடுத்து இதப் போட்டா ரெண்டும் கெட்டுரும் தம்பி. நடுவுல ஒரு புல்லாங்குழல் பாட்டு வரட்டும்” என்று வரிசையை மாற்றுவார். அறுபது நிமிடக் கேசட்டில் அவர் செய்ததும் விமர்சனம்தான். எந்தப் பாட்டு நல்லது என்று அவர் சொன்னதே இல்லை, எது எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம். 1992-இல் ‘ரோஜா’ பாடல்கள் வந்தபோது எங்கள் அப்பா முகம் சுளித்தார். தாளக்கருவி முன்னால் வந்துவிட்டது, சொல் பின்னால் போய்விட்டது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் குறை சொன்ன விதத்தில் எனக்கு ஒரு காது கிடைத்தது. அதன் பிறகு எந்தப் பாட்டிலும் குரல் எங்கே நிற்கிறது, தாளம் எங்கே நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். உடன்படாத கருத்தும் சொல்லிக்கொடுக்கும், சொன்னவர் பாட்டுக்குள் இறங்கிக் கேட்டிருந்தால்.

இன்று பாடல் வெளியான மாலையே தீர்ப்பு வந்துவிடுகிறது. எதில் கேட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. இளையராஜா பாடல்களின் பேஸ் கிடார் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ஏறக்குறைய காணாமலே போகிறது. அதில் கேட்டுவிட்டு ‘வெறுமையா இருக்கு’ என்பவர், தான் கேட்டதைப் பொய்யில்லாமல்தான் சொல்கிறார். ஆனால் பாட்டின் பாதியைக் கேட்டிருக்கிறார். பேருந்தில் கேட்டேன், காதொலிப்பானில் கேட்டேன், கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டேன் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் அதே கருத்து அடுத்தவருக்குப் பயன்படும்.

ரசிகர் மன்றச் சண்டையைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. எம்.ஜி.ஆர் - சிவாஜி காலத்திலிருந்து நடப்பதுதான். அதில் படம் ஒரு சாக்கு. படத்தைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்த கருத்துக்கு ‘எங்கே’ என்ற கேள்வி எட்டாது.

என் கவலை மன்றத்தில் இல்லாத சாதாரணப் பார்வையாளரைப் பற்றியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண்ணுக்குப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. அவரிடம் கேட்ட கேள்விக்கு அது பதிலாக இல்லை. பதில் சொல்லத் தெரியாதவர் என்று அவரே நினைத்துக்கொண்டு போயிருக்கக் கூடும். நாளைக்கு மைக் நீண்டால் ‘சூப்பர்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிடுவார். “எந்த எடம் மனசுல நிக்குது?” என்று கேட்டுப் பாருங்கள். ‘மொக்கை’ என்று சொல்ல வாயெடுத்த பையன்கூட ஒரு நொடி நிதானித்து, ஒரு காட்சியைத் தேடுவான்.

அன்று மதியக் காட்சியில் அந்த அம்மா கதவருகே நிற்கும் காட்சி வந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. ஒரு கை நிலையைப் பிடித்திருக்க, மறுகையில் ரசக் கரண்டி. அவன் இரண்டாம் தடவை சோறு கேட்பானா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். முன்வரிசையில் யாரோ கைப்பேசியை எடுத்துப் பார்க்க, வெளிச்சம் கூரை வரை அடித்தது. வாசலில் அவர் சொல்லியிராவிட்டால் நானும் அந்தக் கரண்டியைப் பார்த்திருக்க மாட்டேன்.

விடுதி நண்பர்களில் ஒருவரோடு இன்னும் பேச்சு இருக்கிறது. போன மாதம் அழைத்தபோது ‘அன்பே சிவம்’ பார்த்தாயா என்று கேட்டேன். “நீதான்டா அன்னைக்கு வேண்டாம்னே” என்றார். ஆம்புலன்ஸ் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தேன். “சொல்லாதே, நானே பார்க்கிறேன்” என்று நிறுத்திவிட்டார்.