ஊசி குத்திய பின் நடப்பது

கழுத்தில் நெறி கட்டினால் மருத்துவர் ஊசிச் சோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். அரை மில்லிமீட்டரைச் சற்றே மீறிய தடிமனுள்ள ஊசி கட்டிக்குள் சென்று சிறு துளியை எடுத்து வருகிறது. இச்சோதனையை விளக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கிருந்து நேரே நுண்ணோக்கிக்குத் தாவிவிடுகின்றன. இடையிலுள்ள அரை நிமிடம் விடுபட்டுப் போகிறது. சோதனை பலிப்பதும் பொய்ப்பதும் அங்கேதான்.

இதில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. துளியைக் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடில்) இட்டு, மற்றொரு சில்லால் மெல்ல இழுத்துப் பரப்ப வேண்டும். அழுத்தினால் செல்கள் நசுங்கி, உட்கருக்கள் நூல் நூலாக இழுபடும். தடித்தால் ஒளி ஊடுருவாது. காயும்போதோ, மெலிந்துகொண்டே வரும் நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை செல்லைக் கண்ணாடியோடு அமுக்கித் தட்டையாக்கும். செல் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். விரைவாகக் காயவைத்த சில்லுக்கு ஜீம்சா வகைச் சாயம் பொருந்தும். பாபனிகோலா சாயத்திற்கு அது ஆகாது; ஈரம் காயுமுன் 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் முக்கியாக வேண்டும். முன்னது செல்லின் சைட்டோபிளாசத்தையும் பின்னணியையும், பின்னது உட்கருவின் நுட்பத்தையும் காட்டும். ஆகவே இரண்டும் தேவை. பாதி காய்ந்து ஆல்கஹாலுக்குப் போன சில்லு இரண்டுங்கெட்டான்.

இக்கைப்பிழைகளுக்கு மாற்றாக வந்தது திரவ முறை. கருப்பைவாய்ச் சோதனைக்கென 1996இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. செல்களைப் பதப்படுத்தும் திரவத்தில் கழுவி இறக்கினால், கருவி வடிகட்டி மெல்லிய வட்டமாகப் படியவைக்கும். பார்க்கத் துப்புரவாக இருக்கும். எனக்கு உறுத்துவது அந்தத் துப்புரவுதான்! தைராய்டுக் கட்டியில் செல்களைச் சூழ்ந்த கூழ்ப்பொருளும், காசநோய் நெறியில் செத்த திசுவின் துகளும் நோயின் தடயங்கள். வடிகட்டியில் அவை பெரிதும் குறைந்துபோகின்றன, செல்கூட்டங்களும் சிதைகின்றன. இரத்தம் மிகுந்த மாதிரிக்கும், மேற்சோதனைக்கு மீதி வைக்கவும் திரவ முறை நல்லதே. ஆனால் புதியது என்பதாலேயே கைமுறையை மூலையில் போடுவதை ஏற்க முடியாது.

2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, நல்லதுதான். ஆனால் செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருபவருக்கு, 'போதிய செல்கள் இல்லை' என்ற அறிக்கை கிடைத்தால் மறுபடி பேருந்து, மறுபடி ஊசி. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் விலையுயர்ந்த கருவிக்கு முன் வேண்டியவை மூன்று: பழகிய கை, நோயாளி காத்திருக்கும்போதே ஒரு சில்லுக்கு விரைவாகச் சாயமேற்றிப் பார்க்கும் வழக்கம், மூடி போட்ட ஆல்கஹால் ஜாடி. திறந்து வைத்தால் ஆல்கஹால் ஆவியாகும், காற்றின் ஈரமும் சேரும். 95 சதவீதம் 95 ஆக இருக்காது. சில்லின் சொரசொரப்பான ஓரத்தில் நோயாளியின் எண்ணைப் பென்சிலால் எழுதவேண்டும். மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.