மைக் ஷ்மிட்டின் கணக்கை ரசிப்பது எப்படி?

கிரிக்கெட் பழகிய கண் முதலில் தேடுவது சராசரியைத்தான். மைக் ஷ்மிட்டுக்கு அது .267. பேஸ்பாலின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர்களில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். 1972 முதல் 1989 வரை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர். அவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் விரலால் மறைத்துவிட்டு அடுத்த கட்டங்களைப் பாருங்கள்.

பேஸ்பால் சராசரி ஹிட்டின் விகிதம்தான்; அதற்கு ஒரு பேஸ் ஓடியதும், நான்கு பேஸையும் சுற்றிவரும் ஹோம் ரன்னும் ஒன்றுதான். இரண்டும் ஒரு ஹிட். பந்து வீசும் பிட்சர் நான்கு பந்துகளைத் தப்பாகப் போட்டதால் மட்டையாளர் முதல் பேஸுக்கு நடந்து போகும் ‘வாக்’ கணக்கிலேயே வராது. ஷ்மிட்டின் பலமோ இந்த இரண்டும்தான்: 548 ஹோம் ரன், 1,507 வாக். வாக்கையும் சேர்த்துக்கொள்ளும் ஆன்-பேஸ் விகிதத்தில் அவர் .380. பத்து முறை ஆட வந்தால் கிட்டத்தட்ட நான்கு முறை அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஹிட்டும் எத்தனை பேஸ் தந்தது என்று எடைபோடும் ஸ்லக்கிங்கில் .527.

எனக்குப் பிடித்த வரி 1983. சராசரி வெறும் .255. ஆனால் 40 ஹோம் ரன், 128 வாக், 148 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது). மூன்றிலும் அந்த ஆண்டு, ஃபில்லீஸ் ஆடும் நேஷனல் லீகில் அவரே முதலிடம். இந்த மூன்றிலும் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிட்சரும் ஷ்மிட்டும் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொண்ட வழக்குகள் அவை. ஸ்ட்ரைக் அவுட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். தனக்குத் தோதான பந்து வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் முழு வீச்சில் மட்டையைச் சுழற்றுகிறவருக்கு அந்தச் செலவு உண்டு.

ஆண்டுவாரியாக மேலிருந்து கீழே படித்தால் சுவை கூடும். 1973இல் சராசரி .196, இன்றைக்கென்றால் இணையத்தில் கிழித்திருப்பார்கள். அடுத்த ஆண்டே .282, 36 ஹோம் ரன், லீகில் முதலிடம். 1981இல் 31 ஹோம் ரன்தானே என்று தாண்டிவிடாதீர்கள். வேலைநிறுத்தத்தால் பாதியில் முறிந்த அந்தப் பருவத்தில் அவர் ஆடியது 102 ஆட்டங்கள்தான். அந்த ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. மொத்தம் மூன்று முறை வாங்கினார்.

எண்கள் பொய் சொல்வதும் உண்டு. 1974 ஜூனில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அவர் அடித்த பந்து, கூரையிலிருந்து தொங்கிய ஒலிபெருக்கியில் மோதி மைதானத்துக்குள்ளேயே விழுந்தது. இல்லாவிட்டால் மிக நீண்ட ஹோம் ரன்னாகியிருக்கும். கணக்கில் ஏறியதென்னவோ ஒரு பேஸ் மட்டும் தரும் சிங்கிள். இரண்டு ஆண்டு கழித்து ரிக்லி ஃபீல்டில், 18-16 என்று முடிந்த கூத்தான ஆட்டத்தில், தொடர்ந்து நான்கு ஹோம் ரன் அடித்தார். அது மட்டும் முழுசாக ஏறியிருக்கிறது.

மட்டைக் கணக்கோடு நின்றுவிட்டால் பாதி ஆளைத்தான் பார்த்தீர்கள். வலக்கை மட்டையாளர் இழுத்து அடிக்கும் பந்து சீறி வரும் இடம் மூன்றாம் பேஸ். அங்கே நின்று ஷ்மிட் பத்து முறை சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருது வாங்கினார். எட்டு ஆண்டுகள் லீகின் ஹோம் ரன் பட்டியலில் முதலிடம் பிடித்தவரும் அதே ஆள்தான். இனி விரலை எடுத்துவிட்டு .267ஐப் பாருங்கள்.