மங்கலும் நிய்யத்தும்

ஒரு நிழற்படம் மங்கலாக அமைந்து, அம்மங்கலே அதற்கு அழகும் சேர்க்குமாயின், அப்பெருமை கலைஞருக்கு உரியதா, தற்செயலுக்கு உரியதா? தற்செயலில் பிறந்தது கலையாகாது என்பர் ஒரு சாரார். விளைவு அழகாயிருந்தால் போதும், எண்ணத்தைத் துருவுவானேன் என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை.

இவ்வழக்கிற்கு ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் படங்களே தக்க சான்று. 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவர், 1879இல் இலங்கையில் மறைந்து, தமிழ்த் தொழிலாளர் உழைத்த மலைநாட்டின் பொகவந்தலாவையில் அடக்கமானார். 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவே அவர்தம் கலைக்குத் தொடக்கம். மயிரிழையும் பிசகாத தெளிவே அக்காலத்தார் போற்றிய இலக்கணம். அம்மையாரின் மெல்லிய மங்கலை அவர்கள் கைத்திறக் குறை என்றே பழித்தனர்.

1874இல் எழுதிய தன் குறிப்பில், முதலில் கைவந்த மங்கல் தற்செயலே என அம்மையார் ஒப்புகிறார். குவியத்தைத் திருத்தி வருகையில், கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும் சொல்கிறார். முதற்கூற்றைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை மறப்போர் பலர். அவருடைய முதல் லென்ஸில், கண்ணுக்குத் தெளியும் இடமும் தகட்டில் தெளிவு விழும் இடமும் ஒன்றாகவில்லை என்று ஆய்வாளர் சுட்டுவர். லென்ஸின் பிழையை அம்மையாரின் புகழில் சேர்க்கலாமா என்பது நியாயமான ஐயமே.

செயல்களின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என உணர்த்தும் நபிமொழியையே இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பின் முதலில் வைத்தார்கள். அந்த நிய்யத்து எப்போது வந்து சேரவேண்டும்? சுபுஹு முதல் உண்ணாமலும் பருகாமலும் இருக்க நேர்ந்த ஒருவர், சூரியன் உச்சி சாயுமுன் நிய்யத்துச் செய்தால் அவருடைய நஃபில் நோன்பு நிறைவேறும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். உண்ணாதிருந்தது தற்செயல், அதை நோன்பாக்கியது நிய்யத்து. மாலையில் பிறர் புகழக் கேட்டபின் நிய்யத்துச் செய்தால் அது செல்லாது.

கலைக்கும் இதுவே அளவுகோல் என்போம். 1864ஆம் ஆண்டின் இறுதியிலேயே, இதுதான் சரியான குவியம் என்று விதிக்க எவருக்கு உரிமை உண்டு என வானியல் அறிஞர் ஹெர்ஷலுக்கு அம்மையார் எழுதிக் கேட்டார். 1866இல் பெரிய, சிறந்த லென்ஸ் கிடைத்த பின்னும் அம்மென்மையை அவர் கைவிடவில்லை. பழிச்சொல் ஓயுமுன்பே, உச்சி சாயுமுன்பே, அவருடைய நிய்யத்து வந்துவிட்டது. எனவே அம்மங்கல் அவருடையதே.

எனினும், சில தகடுகளில் காணும் கீறலையும் விரல் தடத்தையும் சேர்த்துப் புகழ்வோரோடு நாம் உடன்படோம். ஒரு நிய்யத்து எல்லாப் பிழைக்கும் ஃபத்வா ஆகிவிடாது.

இன்று நம் மகாராஜபுரத்துத் திருமண வீடுகளிலும் கைப்பேசியே கணக்கிட்டுப் பின்னணியை மங்கச் செய்கிறது. அது தற்செயலும் அன்று, எடுப்பவரின் எண்ணமும் அன்று. கருவி செய்தவரின் கணக்கு. அதில் தமக்குரியது எது என்று அறிய விரும்பும் இளைஞர், அதே மங்கலை அடுத்த படத்தில் எங்கே வைப்பது, எங்கே விலக்குவது என்று தாமே முடிவு செய்யட்டும். அம்முடிவிலிருந்தே அவருடைய கலை தொடங்குகிறது.