வென்றவனின் நற்குணமும் வெல்லப்பட்டோரின் சம்மதமும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதியதொரு தலைமுறையினரிடம் சென்றடைந்தது. அதன் கதைச்சுவையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்நாவலின் ஒரு பகுதி நாம் வாழும் இந்நாட்டிலேயே நிகழ்கிறது. படையெடுத்து வந்தவனை இந்நாட்டு மக்கள் எவ்வாறு அரசனாக ஏற்பர் என்னும் வினாவுக்கு அது ஒரு விடையும் தருகிறது. அவ்விடையை ஆராய்வது எமது கடமை.

தலைவனின் நற்குணம் என்பதே கல்கியின் விடை. இளவரசர் அருள்மொழிவர்மர் தம் படைக்கு வேண்டிய உணவைச் சோழ நாட்டிலிருந்தே தருவிக்க முயல்கிறார். சிதைந்த விகாரைகளைப் பழுதுபார்க்கச் செய்கிறார். மனங்குளிர்ந்த பிக்குகள் இலங்கைச் சிம்மாசனத்தையே அளிக்க முன்வர, அவர் மறுத்துவிடுகிறார்.

கல்வெட்டுகள் கூறும் கதை வேறு. அந்த இளவரசரே முதலாம் இராஜராஜனாகி, ஏறத்தாழ 993இல் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றினான். பொலநறுவை சனநாதமங்கலமாயிற்று, மாதோட்டம் இராஜராஜபுரமாயிற்று. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியதாக்கப்பட்டது. நாவலில் உணவு சோழ நாட்டிலிருந்து ஈழத்துக்கு வருகிறது; கல்லிலோ ஈழத்து உழவனின் உழைப்பு தஞ்சைக்குப் போகிறது. நாவலின் நிகழ்ச்சிகள் அவன் முடிசூடுமுன் நடப்பவை என்பது உண்மையே. எனினும் வாசகன் சோழராட்சி முழுவதையும் அவ்விளவரசரின் புன்னகை வழியாகவே காணப் பழகிவிடுகிறான்.

வாளால் மட்டும் ஆளவியலாது என்பதை வென்றோரும் அறிந்திருந்தனர். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை இடிக்கப்படவில்லை; இராஜராஜப்பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றது. அதற்குத் தமிழர் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. மக்கள் வணங்கும் இடத்தைப் பேணி, அதன்மேல் தன் பெயரைப் பொறிப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். ஆயினும் அக்கொடைகளில் எளிய பௌத்தத் தமிழரின் உண்மையான பக்தியும் கலந்திருந்தது.

அப்பணி எங்கும் நடைபெறவில்லை. 1017 அளவில் இராஜேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து, முடியையும் கவர்ந்தது. தாதுகருவறைகள் உடைக்கப்பட்டுப் பொற்படிமங்கள் கொள்ளைபோனமையைச் சூளவம்சம் கூறுகிறது. மகிந்தனின் மகனையோ மக்கள் மறைத்து வளர்த்து, தந்தை சிறையில் இறந்தபின் அரசனாக்கினர். முடி சோழரிடம் இருந்தது. சம்மதம் உறுகுணையில் இருந்தது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தான்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. சோழ நாட்டிலிருந்து வந்து வென்ற எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டதாகவும், பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒரே நீதி வழங்கியதாகவும் மகாவம்சமே கூறுகிறது. அவனது தேர் தூபியொன்றில் மோதிப் பதினைந்து கற்கள் பெயர்ந்தபோது, தன் தலையையே கொய்யச் சொன்னானாம். பின்னர் 15,000 கஹாபணம் செலவிட்டு அதைச் சீர்செய்தானாம். இது ஐதிகமே ஆகலாம். ஆயினும் வெல்லப்பட்டோர் தரப்பின் நூலே அதனைப் பேணி வந்துள்ளது. அதுவே அதன் பெறுமதி. கல்கியின் இளவரசருக்கோ வென்றோர் தரப்பே புகழ்மாலை சூட்டுகிறது.

1958இலும் 1983இலும் கொழும்பில் வீடிழந்து நின்ற மக்களுக்குப் பழைய வெற்றியொன்று ஆறுதல் தருவது இயல்பே. ஆயின் ஆறுதல் வரலாறாகாது. சோழன் எமது பாட்டன் என்று நாம் பெருமை கொள்வதும், அதையே காட்டி எம்மைப் படையெடுப்பாளரென்று சிங்களப் பேரினவாதி பழிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். குளக்கரையில் நெல் விளைத்துப் பொலநறுவைக்கும் தஞ்சைக்கும் இறுத்தவனை இருவருமே மறந்துவிடுகின்றனர்.

ஆட்சியுரிமை அரசனின் குணத்தில் பிறப்பதன்று. ஆளப்படுவோர் தருவது, அவர்கள் திரும்பப் பெறக்கூடியது. இவ்வுண்மையை அவ்வுழவனின் கண்வழியே காட்டும் ஈழத்து வரலாற்று நாவலுக்காக நாம் காத்திருக்கிறோம்.